வார்சா கெட்டோல இருந்தவங்க ஏன் திருப்பி அடிக்கலன்னு கேக்குறவங்களுக்கு

ரெண்டாம் உலகப் போர்ல ஜெர்மன்காரங்க போலந்துத் தலைநகர் வார்சால யூதர்களை சுவர் போட்டு அடைச்சு வச்ச பகுதிதான் வார்சா கெட்டோ. நாலு லட்சம் பேர் ஒரே எடத்துல அடைஞ்சு கிடந்திருக்காங்க, காவலுக்கு நின்ன ஜெர்மன்காரங்க அதுல ஒரு சின்ன பங்கு கூட இல்ல, அப்புறம் எப்படி அத்தனை பேரும் ஆட்டுமந்தை மாதிரி ரயில் ஏறிப் போனாங்கன்னு கேட்டிருக்கீங்க. கொஞ்சம் நீளமாவே பதில் சொல்றேன், ஏன்னா ரெண்டு வரில சொன்னா தப்பா போயிடும். ரொம்ப வருஷமா இதைப் படிச்சிட்டு வர்றேன், ஆனா இன்னமும் சில பக்கங்களை ஒரே மூச்சுல படிக்க முடியாது.

முதல்ல அந்த 'ஆட்டுமந்தை'ங்கிற வார்த்தை எங்க இருந்து வந்துச்சுன்னு பாருங்க. வெளி ஆளுங்க யூதர்களைப் பத்தி சொன்ன பேச்சு மட்டும் இல்ல அது. லிதுவேனியால வில்னா கெட்டோக்குள்ள 1941 டிசம்பர் 31 ராத்திரி இளைஞர்கள் ரகசியமா கூடுன எடத்துல அப்பா கோவ்னர்ங்கிற கவிஞர் (அப்பாங்கிறது அவர் பேரு, உறவு முறை இல்ல) ஒரு அறிக்கை வாசிச்சாரு, வெட்டுக்குப் போற ஆடு மாதிரி நாம போகக்கூடாதுன்னு அதுலதான் இருக்கு. யூதர்களோட பழைய வேதத்துல வர்ற உவமை அது. வார்சால இருந்த வரலாற்று ஆசிரியர் எமானுவல் ரிங்கல்ப்ளும் கூட 1942 அக்டோபர்ல, தன் ஊர் ஜனம் பாதிக்கு மேல போன பிறகு, நாம ஏன் எதிர்க்கலன்னு தன் குறிப்புல அதே மாதிரி கேட்டு எழுதியிருக்காரு. அதனால நீங்க கேட்டது தப்புன்னு சொல்ல மாட்டேன், உள்ள இருந்தவங்களே தங்களைக் கேட்டுக்கிட்ட கேள்விதான். அவங்க கேட்டது சொந்தக்காரங்களை இழந்த வலில, நாம கேக்குறது முடிவு என்னன்னு தெரிஞ்ச பிறகு, அந்த வித்தியாசத்தை மட்டும் மனசுல வச்சுக்கோங்க.

போருக்கு முன்னாடி வார்சால கிட்டத்தட்ட 3,75,000 யூதர்கள், அதாவது ஊர்ல மூணுல ஒரு பங்குக்குக் கொஞ்சம் கம்மி. ஐரோப்பாலயே பெரிய யூத ஊர் அதுதான், உலகத்துலயே நியூயார்க்குக்கு அடுத்தது. 1939 செப்டம்பர் 1 அன்னிக்கு ஜெர்மனி போலந்துக்குள்ள நுழைஞ்சுது, அந்த மாசக் கடைசில வார்சா சரணடைஞ்சிடுச்சு. அப்புறம் ஒவ்வொண்ணா வந்துச்சு, கையில நட்சத்திரப் பட்டை, பேங்க் கணக்கு முடக்கம், கடை பறிமுதல், பள்ளிக்கூடம் மூடல், கட்டாய வேலை. 1940 அக்டோபர்ல யோம் கிப்பூர் அன்னிக்கு, அவங்களோட ரொம்பப் புனிதமான நோன்பு நாள் அது, கெட்டோ அறிவிப்பு வந்துச்சு. நவம்பர் 16 அன்னிக்கு வாசலை அடைச்சிட்டாங்க. 3 மீட்டர் சுவர், மேல முள்கம்பி. ஊர் பரப்புல 2.4 சதவீதம்தான் அந்த இடம், அதுக்குள்ள ஊர் ஜனத்துல 30 சதவீதம். சுத்துப்பட்டு ஊர்ல இருந்தெல்லாம் கொண்டாந்து கொட்டி ஒரு கட்டத்துல 4,00,000க்கும் மேல போயிடுச்சு, ஒரு ரூமுக்கு சராசரியா ஏழு பேருக்கு மேல.

இங்கயே ஒண்ணு சொல்லிடறேன். கெட்டோன்னா சுவர் போட்ட குடியிருப்புன்னு நினைச்சுக்குறோம். நடைமுறைல அது பசியால கொல்ற ஏற்பாடு. 1941ல ஒரு யூதருக்கு ரேஷன் ஒரு நாளைக்கு சுமார் 184 கலோரி, ரெண்டு மூணு துண்டு ரொட்டி, அவ்ளோதான். அதே ஊர்ல போலந்துக்காரருக்கு 700க்கு கிட்ட, ஜெர்மன்காரருக்கு 2,600. ஒரு ரயில் கூட கிளம்பறதுக்கு முன்னாடியே, 1942 ஜூலைக்குள்ள, பசியாலயும் டைபஸ் காய்ச்சலாலயும் 80,000 பேருக்கு மேல செத்துட்டாங்க. பொணத்தை ராத்திரியில தெருவோரமா போட்டுட்டுப் போவாங்க, துணி விக்கலாம்னு அதையும் உருவிட்டு மேல பேப்பர் மூடி. கல் நெஞ்சுன்னு நினைச்சுடாதீங்க, அந்தத் துணியை வித்தாதான் வீட்ல மிச்சம் இருக்குற குழந்தைக்கு ரொட்டி.

அந்த 184 கலோரிய மட்டும் நம்பியிருந்தா எல்லாரும் சில மாசத்துல செத்திருப்பாங்க. சாகாம இருந்ததே எதிர்ப்புதான், இதை நான் அழகுக்காக சொல்லல. ஏழு எட்டு வயசுப் பசங்க சுவர் ஓட்டை வழியாவும் சாக்கடை வழியாவும் அந்தப் பக்கம் போய் உருளைக்கிழங்கும் மாவும் சட்டைக்குள்ள வச்சு கொண்டு வருவாங்க, காவல்காரன் பார்த்தா சுடுவான். பல வீட்ல அந்தக் குழந்தைதான் சம்பாதிக்குற ஆள். கெட்டோக்குள்ள வந்த சாப்பாட்டுல பெரும்பங்கு கடத்தல்ல வந்ததுதான். 1941 அக்டோபர்ல கெட்டோவை விட்டு வெளிய போனா மரண தண்டனை, வெளிய யாராவது அடைக்கலம் குடுத்தா அவங்களுக்கும் மரண தண்டனைன்னு உத்தரவு வந்துச்சு, அப்பவும் கடத்தல் நிக்கல. ரகசியப் பள்ளிக்கூடம் நடந்துச்சு, லைப்ரரி நடந்துச்சு, தெருவுக்குத் தெரு வீட்டுக் கமிட்டி வச்சு கஞ்சித் தொட்டி நடத்துனாங்க. லெஷ்னோ தெரு 40ம் நம்பர்ல ஒரு சூப் கிச்சனை நடத்துனவங்க ராஹேல் அவுர்பாக்ங்கிற எழுத்தாளர், இவங்க பேரை ஞாபகம் வச்சுக்கோங்க, கடைசில திரும்ப வருவாங்க.

என்னை ரொம்ப நாள் தூங்க விடாத விஷயம் ஒண்ணு இருக்கு. இஸ்ரேல் மிலெய்கோவ்ஸ்கிங்கிற டாக்டர் தலைமைல கெட்டோ டாக்டர்கள் சேர்ந்து பசி மனுஷ உடம்பை என்ன பண்ணுதுன்னு ஒரு ஆராய்ச்சி பண்ணாங்க. மருந்து இல்ல, சாப்பாடு இல்ல, நோயாளியைக் காப்பாத்த முடியாது, சரி, இதயம் எப்படி சுருங்குது, கண்ணுல என்ன மாறுது, ரத்தம் எப்படி ஆகுதுன்னாவது எழுதி வைப்போம்னு உக்காந்தாங்க. எழுதுன டாக்டர்களும் அதே பசில இருந்தவங்க. கையெழுத்துப் பிரதி வெளிய ஒரு போலந்து பேராசிரியர்கிட்ட போய்ச் சேர்ந்துச்சு, 1946ல புத்தகமா அச்சாச்சு. எழுதுன டாக்டர்கள்ல பெரும்பாலானவங்க அதைப் பார்க்க உயிரோட இல்ல.

சரி, துப்பாக்கி எடுக்காததுக்கு வர்றேன். 1939 நவம்பர்ல நலெவ்கி தெரு 9ம் நம்பர் வீட்ல குடியிருந்த ஒரு ஆள் ஒரு போலந்து போலீஸ்காரரைக் கொன்னுட்டான், அதுக்கு அந்தக் கட்டிடத்துல இருந்த ஆம்பளைங்க 53 பேரைப் பிடிச்சிட்டுப் போய் சுட்டுட்டாங்க. இது எல்லாருக்கும் தெரியும். நீங்க ஒரு ஜெர்மன் சிப்பாயை அடிச்சீங்கன்னா சாகப் போறது நீங்க மட்டும் இல்ல, உங்க அம்மா, உங்க தெரு, மாடில இருக்குற பாட்டி. தன் உயிரைக் குடுக்கத் துணிஞ்சவன் கூட அடுத்தவங்க உயிரை எடுத்துக் குடுக்க யோசிப்பான் இல்லையா? இதை வெளிய இருந்து பாக்குறவங்க கணக்குல சேக்குறதே இல்ல.

அடுத்து பொய். 1942 ஜூலை 22 அன்னிக்கு ஹெர்மன் ஹோஃப்லேங்கிற எஸ்.எஸ். (ஹிட்லரோட நாஜிப் படை) அதிகாரி, யூடன்ராட்னு சொல்ற யூதர் கவுன்சில் ஆபீஸுக்கு வந்து ஒரு உத்தரவு போடறான், 'கிழக்குப் பக்கம் மறுகுடியேற்றம்', தினமும் 6,000 பேரை ரெடி பண்ணணும். யாரெல்லாம் போக வேண்டாம்னு ஒரு லிஸ்டும் கூடவே, ஃபேக்டரில வேலை பாக்குறவங்க, கவுன்சில் ஆட்கள், போலீஸ், ஆஸ்பத்திரி ஊழியர், அவங்க பொண்டாட்டி பிள்ளைங்க. அந்த லிஸ்ட்டுதான் பொறி. எல்லாரும் எதிர்க்கறதை விட்டுட்டு எப்படியாவது ஒரு வேலைச் சீட்டு வாங்க ஓடுனாங்க, தையல் மெஷின் வச்சிருந்தவன் ராஜா, ஒவ்வொரு வாரமும் சீட்டோட செல்லுபடி சுருங்கிட்டே வந்துச்சு.

கவுன்சில் தலைவர் ஆடம் செர்னியாகோவ், எஞ்சினியர். அனாதைக் குழந்தைகளையாவது விட்டுடுங்கன்னு கெஞ்சினாரு, நடக்கல. மறுநாள் 23 அன்னிக்கு தன் ஆபீஸ்லயே சயனைடு சாப்பிட்டு இறந்துட்டாரு, என் ஜனத்தோட குழந்தைகளை என் கையாலயே கொல்லச் சொல்றாங்கங்கிற மாதிரி எழுதி வச்சுட்டு. அவர் மேல எனக்கு வருத்தமும் உண்டு மரியாதையும் உண்டு. ஊருக்கு எச்சரிக்கை விடாம போயிட்டாரேன்னு அன்னிக்கே திட்டுனவங்க இருந்தாங்க, அதுலயும் நியாயம் இருக்கு, ஆனா கையெழுத்துப் போட முடியாத ஒரு காகிதத்து முன்னாடி ஒரு மனுஷன் உக்காந்திருந்ததை நினைச்சா எனக்கு மேல பேச வாய் வரல.

கவுன்சிலுக்குக் கீழ இருந்த யூத போலீஸும் ஆள் பிடிச்சாங்க, இதை மறைக்க வேண்டியதில்ல. ஆகஸ்ட் கடைசில ஒவ்வொரு போலீஸ்காரனும் தினமும் 5 பேரைக் கொண்டு வரணும், இல்லன்னா உன் குடும்பம் போகும்னு சொல்லிட்டாங்க. செப்டம்பர் 21, மறுபடியும் யோம் கிப்பூர், அந்த போலீஸ்காரங்கள்ல நிறைய பேரையும் குடும்பத்தோட அதே ரயில்ல ஏத்துனாங்க.

பசியைத் தூண்டிலா போட்டது இன்னொண்ணு. தானா வந்து ஏறுனா 3 கிலோ ரொட்டி, 1 கிலோ ஜாம்னு நோட்டீஸ். ரெண்டு வருஷமா வயிறு நிறைய சாப்பிடாதவன் என்ன நினைப்பான்? கொல்லப் போறவன் எதுக்கு ரொட்டி குடுக்கணும், நிஜமாவே வேலைக்குத்தான் கூட்டிட்டுப் போறான் போலன்னு நினைச்சு ஆயிரக்கணக்குல ஸ்டாவ்கி தெருவுல இருந்த உம்ஷ்லாக்பிளாட்ஸ்ங்கிற சரக்கு யார்டுக்கு அவங்களாவே மூட்டையோட போனாங்க. ரயில் போனது ட்ரெப்ளின்காவுக்கு, வார்சால இருந்து சுமார் 80 கிலோமீட்டர். தங்குற எடமே இல்லாத முகாம் அது, இறங்குன ரெண்டு மூணு மணி நேரத்துல விஷப்புகை அறை.

யாரும் தெரிஞ்சுக்க முயற்சி பண்ணலையான்னா, பண்ணாங்க. பண்ட்ங்கிற யூத சோஷலிஸ்ட் கட்சி சல்மன் ஃப்ரிட்ரிக்னு ஒருத்தரை ரயில் போற பாதையிலயே அனுப்புச்சு. அவர் சோகோலோவ்ங்கிற ஊர் வரைக்கும் போய் ரயில்வே ஆளுங்களை விசாரிச்சாரு, தினமும் ஆளோட ரயில் ட்ரெப்ளின்காவுக்குப் போகுது, காலியா திரும்புது, ஆனா அந்தப் பக்கம் சாப்பாட்டு வண்டி ஒண்ணு கூடப் போறதில்லன்னு சொன்னாங்க. அங்க இருந்து தப்பிச்சு வந்த ஒருத்தரையும் பார்த்தாரு. அவர் திரும்பி வந்து சொன்னதை கட்சி ரகசியப் பத்திரிகைல போட்டுச்சு. நம்புனவங்க கொஞ்சம் பேரு. ஒரு முழு ஊரை இப்படிக் கொல்லுவாங்கன்னு அதுக்கு முன்னாடி உலகத்துல யாரும் பார்த்ததில்ல, எதை வச்சு நம்புவாங்க?

யானுஷ் கோர்ச்சாக்கை இங்க சொல்லாம போக முடியாது. குழந்தை டாக்டர், எழுத்தாளர், அனாதை இல்லம் நடத்துனவர். 1942 ஜூலை 18, அந்த உத்தரவுக்கு நாலே நாள் முன்னாடி, தன் இல்லத்துப் பசங்களை வச்சு ஒரு நாடகம் போட்டாரு, நம்ம தாகூர் எழுதின 'அஞ்சல் நிலையம்'. படுக்கைல கிடந்து சாகப் போற ஒரு பையன் ஜன்னல் வழியா உலகத்தைப் பாத்து ராஜாவோட கடிதத்துக்காகக் காத்திருக்குற கதை. சாவை அமைதியா ஏத்துக்கக் குழந்தைங்களைத் தயார் பண்ணத்தான் அதைத் தேர்ந்தெடுத்தாருன்னு சொல்றாங்க. வங்காளத்துல எழுதின ஒரு கதை அந்தச் சுவருக்குள்ள அந்தப் பிள்ளைங்க கிட்ட போய்ச் சேர்ந்திருக்கு. ஆகஸ்ட் முதல் வாரத்துல கிட்டத்தட்ட 200 குழந்தைங்களோட அவரும் ஸ்டெஃபானியா வில்சின்ஸ்காவும் மத்த ஊழியர்களும் நடந்து யார்டுக்குப் போனாங்க. அவருக்கு வெளிய தப்பிக்க வழி வந்துச்சு, ஒரு தடவை இல்ல, பல தடவை, வேண்டாம்னுட்டாரு. அவர் திருப்பி அடிக்கலதான். அதுக்காக அவரையும் ஆட்டுமந்தைல சேப்பீங்களா?

செப்டம்பர் தொடக்கத்துல 35,000 பேருக்கு மட்டும் நம்பர் சீட்டு குடுத்தாங்க, மிச்ச எல்லாரும் ரயிலுக்கு. சீட்டு வச்சிருந்த அப்பா அம்மா சில பேர் கைக்குழந்தைக்குத் தூக்க மருந்து குடுத்து முதுகுப் பையில வச்சு தூக்கிட்டு, யார் இருக்கணும் யார் ரயிலுக்குன்னு பிரிக்குற செலக்‌ஷனைக் கடந்து போனாங்க, உள்ள இருந்து அழுகை வந்தா அவ்ளோதான். ரெண்டு மாசத்துல சுமார் 2,65,000 பேர் ட்ரெப்ளின்காவுக்குப் போயிட்டாங்க. சீட்டு வச்சவங்களும் ஒளிஞ்சிருந்தவங்களும் சேர்த்து மிஞ்சினது 55,000, 60,000 பேரு.

இப்ப அந்த மிஞ்சினவங்க யாருன்னு பாருங்க, உங்க கேள்விக்கு பதிலே இதுலதான் இருக்குன்னு நான் நினைக்கிறேன். பெரும்பாலும் வேலை செய்யத் தெம்பு இருந்த வாலிப வயசுக்காரங்க. கிழவங்க இல்ல, குழந்தைங்க ரொம்பக் கம்மி. அம்மா போயாச்சு, தங்கச்சி போயாச்சு. பக்கத்துல கை பிடிச்சு நிக்க யாராவது இருந்த வரைக்கும் மனுஷங்க அந்தக் கையை விடல, கை பிடிக்க ஆளே இல்லாதப்பதான் துப்பாக்கி தேடுனாங்க. ஜூலைல கோழையா இருந்தவன் அடுத்த ஏப்ரல்ல சண்டை வெடிச்சப்போ வீரன் ஆயிட்டான்னு இதைப் படிச்சா தப்பு, ஆள் அதே ஆள்தான், சுத்தி இருந்தவங்கதான் இல்ல. கூட அவங்க மனசுல ஒரு குத்தமும் இருந்துச்சு, நாம அப்ப ஏதாவது பண்ணியிருக்கலாமேன்னு.

ஜோப்ங்கிற யூதப் போராட்ட அமைப்பை ஜூலை 28ல, அந்த ரயில் ஓடிட்டு இருக்குறப்பவே, இளைஞர் இயக்கங்கள் தொடங்குனாங்க. ஆனா கைல ஆயுதம் கிடையாது. 1943 ஜனவரிக்கு முன்னாடி போலந்து தலைமறைவுப் படை குடுத்தது 10 பிஸ்டல், நம்ப முடியுதா, பத்து. ஜனவரி 18 அன்னிக்கு மறுபடி ஜெர்மன்காரங்க வந்தப்போ ஜோப் தளபதி மொர்டெகாய் அனியெலெவிச்சோட ஆட்கள் பிடிபட்டவங்க வரிசைலயே கலந்து நடந்து போயி ஒரு தெரு முனைல சிக்னல் குடுத்து காவலர்களைச் சுட்டாங்க. அந்தக் குழுவுல பெரும்பாலானவங்க அங்கயே செத்தாங்க, ஆனா நாலு நாள்ல ஜெர்மன்காரங்க ஆள் பிடிக்கறதை நிறுத்திட்டுப் போயிட்டாங்க. அதுக்குப் பிறகு ஊரே மாறிடுச்சு. கவுன்சிலோட புதுத் தலைவர் ஜெர்மன்காரன் கிட்டயே, எனக்கு இங்க அதிகாரம் இல்ல, வேற ஆட்கள் கைல இருக்குன்னு சொல்ற அளவுக்கு. போலந்துப் படை இன்னும் சுமார் 50 பிஸ்டலும் 50 கையெறி குண்டும் குடுத்துச்சு. ஜனங்க ராத்திரி பகலா பங்கர் தோண்டுனாங்க, அடுப்புக்குப் புகை வழி, தண்ணிக்குக் குழாய், சில எடத்துல கரண்ட் கூட.

ஏப்ரல் 19, யூதர்களோட பாஸ்கா பண்டிகை அன்னிக்கு ராத்திரிதான் தொடங்கணும். விடியக்காலைல எஸ்.எஸ். படை டாங்கோட உள்ள வந்துச்சு, அடி வாங்கி வெளிய ஓடுச்சு. அன்னிக்கே பழைய தளபதியை மாத்திட்டு யுர்கன் ஸ்ட்ரூப்கிட்ட பொறுப்பைக் குடுத்தாங்க. தினமும் சராசரி 2,000 சிப்பாய், பீரங்கி, ஃப்ளேம்த்ரோவர். இந்தப் பக்கம் ஜோப்ல சுமார் 500 பேரு, ஜெட்ஜெட்வூங்கிற இன்னொரு அமைப்புல சுமார் 250, அவங்கதான் முரனோவ்ஸ்கி சதுக்கத்துல போலந்துக் கொடியையும் நீலம் வெள்ளைக் கொடியையும் ஒரே கட்டிடத்து மேல ஏத்துனவங்க. பிஸ்டலையும் பெட்ரோல் பாட்டிலையும் வச்சு எத்தனை நாள் நிக்க முடியும்? மூணு நாள்ல முடிக்க நினைச்ச வேலை நாலு வாரம் இழுத்துச்சு. சண்டை போட்டு ஜெயிக்க முடியலன்னு ஸ்ட்ரூப் வீடு வீடா தெருத் தெருவா தீ வச்சான். எரியற மாடில இருந்து மெத்தையைக் கீழ போட்டுட்டு குழந்தையோட குதிச்சாங்க. பங்கருக்குள்ள புகை விட்டாங்க, சாக்கடைல தண்ணி விட்டாங்க. சண்டை போட்டவங்க 750 பேர்னாலும் ஒளிஞ்சு கிடந்து வெளிய வர மாட்டோம்னு நின்னவங்க 50,000 பேரு, என்னைப் பொறுத்தவரை அந்த 50,000 பேரும் போராளிதான். 631 பங்கரை அழிச்சதா ஸ்ட்ரூப்பே எழுதியிருக்கான்.

மே 8ல மிவா தெரு 18ம் நம்பர் தலைமை பங்கரைக் கண்டுபிடிச்சாங்க. அனியெலெவிச்சும் கூட இருந்தவங்கள்ல பெரும்பாலானவங்களும் அங்கயே இறந்தாங்க, அவருக்கு 24 வயசு கூட ஒழுங்கா ஆகல. ரெண்டு நாள் கழிச்சு மரெக் எடெல்மன், ஸிவியா லுபெட்கின் மாதிரி சில டஜன் போராளிங்க சாக்கடை வழியா வெளிய வந்தாங்க. மே 12ல லண்டன்ல, நாடு கடந்த போலந்து அரசுல யூதர்கள் சார்பா இருந்த ஷ்முல் ஸிகியெல்போயிம் உலகம் வேடிக்கை பாக்குதேன்னு தற்கொலை பண்ணிக்கிட்டாரு. மே 16ல ஸ்ட்ரூப் தன் வெற்றிக்கு அடையாளமா யூதர்களோட பெரிய ஜெப ஆலயத்தை வெடி வச்சு தகர்த்தான். 56,065 பேரைப் பிடிச்சோம் இல்ல கொன்னோம்னு ஒரு ரிப்போர்ட், போட்டோ ஒட்டி பைண்ட் பண்ணி மேலிடத்துக்கு அனுப்புனான். கையைத் தூக்கிட்டு நிக்குற தொப்பி போட்ட சின்னப் பையன் போட்டோவை நீங்க எங்கயாவது பார்த்திருப்பீங்க, அது அந்த ஆல்பத்துல இருந்துதான் வந்துச்சு, கொலைகாரன் பெருமைக்கு எடுத்த படம். பிடிபட்டவங்கள்ல பெரும்பாலானவங்களை லூப்லின் பக்கத்து முகாம்களுக்கு அனுப்பி 1943 நவம்பர் 3, 4 தேதில அங்க இருந்த மத்த யூதர்களோட சேர்த்து சுட்டுத் தள்ளிட்டாங்க. ஸ்ட்ரூப்பை 1952ல வார்சால தூக்குல போட்டாங்க.

எடெல்மன் பிற்பாடு ஊச் நகரத்துல இதய டாக்டரா இருந்து 2009ல காலமானாரு. அவர் திரும்பத் திரும்ப ஒரு விஷயத்துல பிடிவாதமா இருந்தாரு, துப்பாக்கியோட செத்தவங்க உசத்தி, ரயில் ஏறுனவங்க தாழ்த்தின்னு யாராவது பேசுனா அவருக்குக் கோவம் வரும், அமைதியா ரயிலுக்கு நடந்து போறதுக்கு சண்டை போடுறதை விட கம்மி தைரியம் இல்லன்னு சொல்லுவாரு. சண்டை போட்டவரே சொன்னது இது.

இன்னும் சந்தேகம் இருந்தா ஒரே ஒரு ஒப்பீடு. ஜெர்மனி சோவியத் சிப்பாய்கள் சுமார் 57 லட்சம் பேரைச் சிறை பிடிச்சுது, அதுல சுமார் 33 லட்சம் பேர் பசிலயும் குளிர்லயும் குண்டுலயும் செத்தாங்க. அவங்க வயசுப் பசங்க, ஆயுதப் பயிற்சி எடுத்தவங்க, கூட குழந்தை குட்டி கிடையாது. அவங்களை யாரும் ஆட்டுமந்தைன்னு சொல்லி நான் கேட்டதில்ல.

மத்த ஊர்களைப் பத்தி சுருக்கமா. கிழக்கு ஐரோப்பால ஆயிரத்துக்கும் மேல கெட்டோ இருந்துச்சு. இப்ப பெலாரஸ்ல இருக்குற லாக்வாங்கிற சின்ன ஊர்ல 1942 செப்டம்பர்லயே கோடாலியும் தீயும் வச்சு வேலியை உடைச்சு காட்டுக்கு ஓடுனாங்க, வார்சாவுக்கு ஏழு மாசம் முன்னாடி. பியாலிஸ்டாக்ல 1943 ஆகஸ்ட்ல சண்டை நடந்துச்சு. ட்ரெப்ளின்கா முகாமுக்குள்ளயே 1943 ஆகஸ்ட் 2ல கைதிங்க கலகம் பண்ணி தீ வச்சாங்க. ஊச்ல எதுவும் நடக்கல, அங்க கெட்டோவுக்கு சாக்கடைப் பாதை கிடையாது, வெளிய ஜெர்மன் குடியேறிங்க, ஆயுதம் வர வழியே இல்ல.

கடைசியா ரிங்கல்ப்ளும். சுவர் அடைச்ச அந்த 1940 நவம்பர்லயே சனிக்கிழமை சனிக்கிழமை சில பேரைக் கூட்டி, நடக்குறதை எல்லாம் எழுதி சேகரிக்க ஆரம்பிச்சாரு. 'ஓய்னெக் ஷபெஸ்'னு பேரு, ஓய்வுநாள் மகிழ்ச்சின்னு அர்த்தம், போலீஸுக்கு சந்தேகம் வராம இருக்க. ரேஷன் சீட்டு, மிட்டாய் காகிதம், பள்ளிக்கூடப் பசங்க கட்டுரை, ரயில்ல இருந்து தூக்கிப் போட்ட கடிதம், எல்லாத்தையும். 1942 ஆகஸ்ட்ல 10 தகரப் பெட்டில அடைச்சு நோவோலிப்கி தெரு 68ம் நம்பர்ல புதைச்சாங்க, புதைச்சவங்கள்ல ஒரு பையன் டேவிட் கிராபர், 19 வயசு, உலகத்துக்குக் கத்திச் சொல்ல முடியாததை மண்ணுல புதைக்கிறோம்னு ஒரு காகிதத்துல எழுதி உள்ள வச்சான். அடுத்த வருஷம் இன்னும் ரெண்டு பால் கேன். ரிங்கல்ப்ளுமை 1944 மார்ச்ல பொண்டாட்டி பையனோட ஒளிவிடத்துல பிடிச்சு சுட்டுட்டாங்க. அந்தக் குழுவுல இருந்த சுமார் 60 பேர்ல பிழைச்சது மூணே பேரு. ஒருத்தங்க அந்த சூப் கிச்சன் ராஹேல் அவுர்பாக். இடிபாட்டுக்குக் கீழ ஒரு புதையல் இருக்கு தோண்டுங்கன்னு போர் முடிஞ்சதும் விடாம கேட்டுட்டே இருந்தாங்க. தெருவே அடையாளம் தெரியாத அந்தச் செங்கல் குவியல்ல தேடி 1946 செப்டம்பர்ல பெட்டிகளை எடுத்தாங்க, 1950 டிசம்பர்ல பால் கேன்கள் கிடைச்சுது, எல்லாம் சேர்த்து சுமார் 35,000 பக்கம். மூணாவதா புதைச்சது இன்னி வரைக்கும் கிடைக்கல.

வார்சா போக வாய்ப்பு கிடைச்சா, ட்லொமாட்ஸ்கி தெருவுல இருக்குற யூத வரலாற்று நிறுவனத்துக்குப் போங்க. ஸ்ட்ரூப் தகர்த்த ஜெப ஆலயம் இருந்த எடத்துக்குப் பக்கத்துக் கட்டிடம் அது, அன்னிக்கு எரிஞ்ச தடம் நுழைவாசல் தரைல இன்னும் இருக்கு, அதை மிதிச்சுதான் உள்ள போகணும். அந்தப் பால் கேன் ஒண்ணு அங்கதான் இருக்கு, துரு ஏறி.